டீசல் வாங்கப் போன பிணம்

எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் கிடப்பது ஒரு வாய்க்கால்தான். அதில் ஓடுகிற தண்ணீருக்கு எந்தக் கரை யாருடையது என்று தெரியாது, அதில் துள்ளுகிற மடவை மீனுக்கும் தெரியாது, ஆனால் என்றைக்கோ இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டு போனார்கள், போனவர்கள் மண்ணோடு மண்ணாகியும் அந்தக் கோடு மட்டும் அழியவில்லை, அதனால் அந்தக் கரையில் சாராயமும் மலிவு, டீசலும் மலிவு. சாராயத்தை வயிற்றில் ஊற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்துவிடலாம், எந்தப் போலீஸ்காரர் வயிற்றைத் திறந்து பார்க்கப் போகிறார்? டீசலை அப்படிக் கொண்டுவர முடியாதே! நண்டுமேட்டில் கருவாடு விற்கிற செங்கமலம் நான், சண்டைக்காரி என்று பேர் வாங்கியவள், பொய்க்காரி என்று எவளும் சொன்னதில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கரை விலைக்கு டீசல் ஊற்றிக் கடலுக்குப் போனால் மீன் பிடித்தவன் வீட்டில் மீன் குழம்பு வைக்க முடியாது. அதனால் எங்கள் ஆம்பளைகள் வைக்கோலுக்குள் கேனை வைத்துப் பார்த்தார்கள், ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள், பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி கட்டிப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் பாலத்துச் செக்போஸ்ட்டில் பிடித்தார்கள், பிடித்த டீசல் போனது போனதுதான், வண்டியும் போனது, ஆளும் ஸ்டேஷனில் உட்கார்ந்தான். லாஞ்சுகளெல்லாம் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தன. அப்படிப்பட்ட ஒரு பருவத்தில்தான் லாஞ்சு டிரைவர் அமிர்தலிங்கம் அந்தக் கரைக்கு டீசல் வாங்கப் போனான், பங்க்கில் கேன்களை நிரப்பிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

சேதி வந்ததும் அவன் பெண்டாட்டி தையல்நாயகியும் நாங்கள் நாலு பொம்பளைகளும் ஓடினோம். அங்கேயே ஒரு சவ வண்டியைப் பேசி அவனை ஏற்றினோம். ஏற்றும்போது நிரப்பிய கேன்கள் தரையில் நின்றன, உயிரைக் கொடுத்து வாங்கியதை விட்டுவிட்டா வருவது என்று கூட வந்த பையன்கள் அதையும் தூக்கி அவன் படுத்திருந்த பலகைக்கு அடியில் தள்ளி, கோடித் துணியை இழுத்துத் தொங்கவிட்டார்கள். சத்தியமாக எவனும் திட்டம் போடவில்லை. பாலத்தில் நாங்கள் மாரில் அடித்துக்கொண்டு கதறியதைப் பார்த்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்குக் கம்பைத் தூக்கிவிட்டார். வண்டி ஊருக்குள் வந்து நின்றது. நாட்டார் சந்திரகாசன் மாமா, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், துணியை விலக்கி முதலில் கேன்களைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. ஊரில் பிணம் கிடந்தால், அது எந்த வீட்டுப் பிணமானாலும், எடுத்து முடிக்கும்வரை ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்காது. ஆனால் பிணம் எப்போது பிணமாகிறது? மூச்சு நின்றதாலா? அதெல்லாம் டாக்டருக்கு. எங்களுக்கு ஊர் வெட்டியான் பக்கிரி சங்கை எடுத்து ஊதினால்தான் சாவு, அதற்கு முன்னால் எவளும் வாய்விட்டு அழக் கூடாது, அதுவரை அவன் படுத்திருக்கிற ஆள்தான். அன்றைக்குப் பார்த்துக் கரையோரம் மத்தி குவிந்து கிடந்தது, கடலே வெள்ளியாக மின்னியது, மாதக்கணக்கில் பார்க்காத மீன். பக்கிரி சங்கைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"இருடா," என்றார் நாட்டார். "ஆத்தா தையலு, ஒரே ஒரு ஓட்டம் போயிட்டு வந்துரட்டும். வந்ததும் ராசா கணக்கா எடுத்துருவோம். உன் புருசன் வாங்கின எண்ணெய்தானே, அவனுக்கும் புண்ணியம்."

தையல்நாயகி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள ஒருவனும் இல்லை, ஊரை விட்டால் கதியில்லை.

லாஞ்சுகள் போய் நிறைந்து வந்தன. வந்தவர்கள் அமிர்தலிங்கத்தைப் பார்க்கப் போனபோது அவன் போட்டது போட்டபடி கிடந்தான், ஈ மொய்க்கவில்லை, வயிறு உப்பவில்லை, வாடை இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணயர்ந்தவன் முகம்தான் அவனுக்கு. சங்கு ஊதவில்லை, அதனால் அவன் கெடவில்லை, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள், எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மீன் விற்றாயிற்று. டீசல் தீர்ந்தாயிற்று. நாட்டார் கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் சவ வண்டியில் அவனை ஏற்றுவோம், காலிக் கேன்கள் அடியில், நாங்கள் பொம்பளைகள் சுற்றிலும். அந்தக் கரைக்குப் போகும்போது கேட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அறுத்துப் பார்க்கக் கொண்டுபோகிறோம் என்போம், திரும்பும்போது கேட்டால் அறுத்துப் பார்த்துக் கொண்டுவருகிறோம் என்போம், ஆனால் தலைவிரிகோலமாக அழுகிற பொம்பளைகளிடம் கேள்வி கேட்க எவருக்கு மனசு வரும்? சட்டமும் நாட்டாரே சொல்லிவிட்டார்: "பாலத்து மேல அவன் பொணம். எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கங்க. பாலம் தாண்டி நம்ம மண்ணுல சக்கரம் வச்சா அவன் ஆளு. ஒருத்தி மூக்கு உறிஞ்சினாலும் அபராதம்."

ஊர் எதைத்தான் விழுங்காது? மாதம் ஒன்று ஆனதும் அமிர்தலிங்கம் எங்களுக்குப் பழகிப் போனான். லாஞ்சுக்காரர்கள் மீன் விற்ற காசில் அவனுக்கும் ஓர் ஆள் பங்கு ஒதுக்கினார்கள், உழைக்கிறவனுக்குக் கொடுக்காமல் இருக்கலாமா? கோயில் வரி அவன் பேருக்கும் விழுந்தது. அம்பட்டர் வந்து மாசாமாசம் முகம் வழித்துவிட்டுப் போனார், வழிக்க ஒன்றும் வளரவில்லை என்றாலும் கத்தி வைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் கட்டிலில் தாம்பூலத்தை வைத்து, "மச்சான், முகூர்த்தத்துக்கு முந்தியே வந்துரணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். யார் லாஞ்சுக்கு என்றைக்கு அவன் போவது என்று முறை வைத்தார்கள், முறை தவறியதற்கு இரண்டு பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். புது ஓடுகள் ஏறின. கழுத்தில் புதுச் சங்கிலிகள் ஏறின. என் வீட்டு அடுப்பும் அவன் கொண்டுவந்த டீசலில்தான் எரிந்தது, நான் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்தா குதித்தேன்?

அழுகிறவர்களுக்கும் பேர் வந்தது. எவள் நன்றாக அழுவாள், எவள் தொண்டை கட்டிக்கொள்வாள் என்று ஆம்பளைகள் டீக்கடையில் பேசினார்கள். ஆனால் தையல்நாயகி அழ ஆரம்பித்தால் எங்கள் வாயெல்லாம் தானாக மூடிக்கொள்ளும். ஊருக்குள் அவள் பூ வைத்திருந்தாள், மஞ்சள் பூசியிருந்தாள், தாலி கழுத்தில் கிடந்தது, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உலை வைத்தாள், ஒரு சொட்டு விடவில்லை. வண்டி பாலத்தில் ஏறியதும்தான் அவளுக்கு வாய் திறக்கும்.

"எண்ணெய் வாங்கப் போன ராசா,
என் நெஞ்சுல ஊத்திட்டுப் போனீங்களே,
கொளுத்துறதுக்கு ஆளில்லையே,
அணைக்கிறதுக்கும் ஆளில்லையே!"

அடுத்த அடி வருவதற்குள் பாலம் முடிந்துவிடும். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொட்டைச் சரி பண்ண வேண்டும். எத்தனை தடவை போனாலும் அந்தப் பாலம் ஓர் அழுகைக்குப் பத்தவில்லை. ஐயோ, அந்த வேதனையை என்னவென்று சொல்ல, பாதியில் நிறுத்தின அழுகை எங்கே போகும்? அவளுக்கு அது தொண்டையில் நின்று சோறு இறங்கவிடாமல் செய்தது.

அவள் நாட்டார் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தாள். மத்தி முடியட்டும் என்றார். மத்தி முடிந்தது. திருவிழா முடியட்டும் என்றார். அம்மன் தேர் ஓடி நிலைக்கு வந்தது. இறால் வரப்போகுதே ஆத்தா என்றார்.

"மாமா, நான் யாருன்னு மட்டும் சொல்லுங்க," என்று ஒருநாள் பஞ்சாயத்து நடுவில் கேட்டேவிட்டாள். "பொண்டாட்டியா, தாலி அறுத்தவளா? ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தக்கன இருந்துட்டுப் போறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவருக்குச் சங்கு ஊதணும். என் ஊர் சனம் முன்னால நான் ஒரு தடவ முழுசா அழணும்."

ஓர் இளவட்டம் எழுந்து, "அண்ணி, அண்ணன் நல்லாத்தானே இருக்காரு" என்றான். அதற்குச் சிலர் சிரிக்கவும் செய்தார்கள், நாசமாய்ப் போக.

மறுநாள் வண்டி அந்தக் கரைக்குப் போனது. கேன்கள் நிரம்பின, பலகைக்கு அடியில் ஏறின. பாலத்துப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் தையல்நாயகி டிரைவர் தோளைத் தொட்டு, "அண்ணே, சுடுகாட்டுக்கு விடுங்க" என்றாள். டிரைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வண்டி சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது.

அந்தக் கரைச் சுடுகாட்டில் இருந்தவர் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டார், சொன்னாள். எப்போது செத்தார் என்று கேட்டார்.

"இனிமேத்தான்யா," என்றாள். "சங்கை எடுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் புருசனைப் பறிகொடுத்தவள் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சங்கை எடுத்து ஊதினார். ஊதியதும், அத்தனை மாதமும் அவனுக்காக வெளியே காத்துக்கொண்டிருந்த சாவு உள்ளே வந்தது. துணிக்கு அடியில் அவன் அமுங்கிப் போனதைப் பார்த்தோம், வாடை எழுந்தது, டிரைவர் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். தையல்நாயகி மூக்கைப் பொத்தவில்லை. முகத்துத் துணியை விலக்கி, இருந்ததைப் பார்த்து, "வந்துட்டீங்களா" என்றாள். அவளே கொள்ளி வைத்தாள். அழுதாள், ஆனால் அது ஊரான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுகிற அழுகை, குரல் ஏறவில்லை, சுற்றிலும் முகம் தெரியாத ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பினோம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் எங்களுக்குப் புத்தி வந்தது: அடியில் முழுக்க டீசல், மேலே பலகை காலி. இறக்கிப் போட வழியில்லை, பின்னால் லாரிகள், முன்னால் குறுக்குக் கம்பு. போலீஸ்காரர் கையைக் காட்டிவிட்டு நடந்து வந்தார். டிரைவர் பிள்ளைகுட்டிக்காரர், "என் பொழப்பு போச்சேம்மா" என்றார். தையல்நாயகி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு பலகையில் ஏறிப் படுத்தாள், கால்களைச் சேர்த்துக்கொண்டாள், கோடித் துணியைத் தானே கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"கத்துங்கடி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

கத்தினோம். அன்றைக்கு மாதிரி நாங்கள் என்றைக்கும் கத்தியதில்லை. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார், "பொம்பளையா? பாவம்" என்றார், கம்பு எழுந்தது.

ஊரில் அவள் பலகையிலிருந்து இறங்கி வந்து, நாட்டார் முன்னால் நின்று, "எரிச்சுட்டேன்" என்றாள். கூட்டம் கூடிவிட்டது. வைதார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள், ஊர்ச் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்றார்கள். நாட்டார் மட்டும் கோபப்படவில்லை. கேன்கள் எண்ணெய் சிந்தாமல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று டிரைவரிடம் விசாரித்தார். கேட்டதும் முகத்தில் வெளிச்சம் வந்ததே!

"ஆத்தா," என்றார், "அந்தக் கரையில ஊதுன சங்கு இந்தக் கரைக்குக் கேக்காது. உன் புருசன் டீசல் வாங்கப் போனவன், இன்னும் வந்து சேரல. அவ்வளவுதான் ஊர்க் கணக்கு. நம்ம ஊர் சங்கு வேணுமா உனக்கு?"

"வேணும் மாமா."

"இறால் பருவம் முடியுற வரைக்கும் நீ படு. முடிஞ்ச மறுநாள் ஊரே கடலை நிறுத்தி, மேளம் தாளம் வச்சு, அமிர்தலிங்கத்துக்குச் சங்கு ஊதுறோம். பதினாறாம் நாள் காரியம் ஊர்ச் செலவு." அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

அவள் ஒத்துக்கொண்டாள். போடி பைத்தியக்காரி என்று நான் மட்டும் சொன்னேன். "செங்கமலக்கா, படுக்கத்தானே சொல்லுறாங்க," என்றாள், "நான் எங்க தூங்குனேன் இத்தனை நாளா?"

அதிலிருந்து அவள் படுத்தாள், நாங்கள் அழுதோம். தாடையைச் சேர்த்துத் துணி கட்டினோம், மூக்கில் பஞ்சு வைத்தோம், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். ஊர் இதையும் விழுங்கிக்கொண்டது. ஆள் பங்கு அவளுக்கு மாறியது, இது அவனைவிடத் தேவலை, தூக்கி ஏற்ற வேண்டாம், தானே ஏறிக்கொள்கிறது என்று லாஞ்சுக்காரர்கள் சொன்னார்கள். அவளுக்கு இருந்தது அந்தப் பாலத்தில் அழுகிற அழுகை ஒன்றுதான், அதுவும் போயிற்று; நாங்கள் அவளைப் பார்த்து, அவள் பேரைச் சொல்லி அழ, அவள் பஞ்சு வைத்த மூக்கோடு கேட்டுக்கொண்டு கிடந்தாள். முதலில் வீட்டுக்கு வந்ததும் எழுந்து கட்டை அவிழ்த்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். பிறகு எழ நேரமாயிற்று. பிறகு நாங்கள் உலுக்க வேண்டியிருந்தது. எழுந்தாலும் தாடைத் துணியை அவிழ்க்க மறந்து அப்படியே நடமாடினாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரம் எடுத்தாள், கையைத் தொட்டால் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. சோறு வைத்தால் பார்த்தாள், சாப்பிடவில்லை.

"இறால் எப்பக்கா முடியும்?" என்று மட்டும் கேட்பாள்.

அந்த வருஷம் இறால் முடியவேயில்லை. பெரியவர்கள் இப்படி ஒரு மீன்பாடு கண்டதில்லை என்றார்கள், கடல் அள்ளி அள்ளிக் கொடுத்தது, ஊர் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டது.

ஒரு மத்தியானம் வண்டி ஊருக்குள் வந்து நின்றது. கேன்களை இறக்கினார்கள். நான் கால் கட்டை அவிழ்த்தேன், "எந்திரி தையலு" என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன், நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். மற்றவளுகளும் வைத்துப் பார்த்தார்கள். முகம் கெடவில்லை, அழகாகத்தான் இருந்தாள். பக்கிரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சங்கோடு வந்தான்.

நாட்டார் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கடலைப் பார்த்தார், லாஞ்சுகளெல்லாம் இறால் பிடிக்க வெளியே போயிருந்தன.

"தூங்குறா," என்றார். "களைச்சுப் போயிருக்கா பாவம். தொந்தரவு பண்ணாதீங்க. பக்கிரி, நீ போ."

பக்கிரி சங்கை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு போனான். ஆம்பளைகள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் கலைந்தார்கள். என் மகனும் கடலில்தான் இருந்தான், பக்கத்தில் நின்றவள் மகனும்தான். நாலு பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றோம். அவளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் போடுங்கள் என்று நாட்டார் சொன்னதை ஒருத்தியும் கேட்கவில்லை. யாரும் கூப்பிடாமலேயே நாங்கள் வண்டியில் ஏறினோம், அவளைச் சுற்றி உட்கார்ந்தோம், டிரைவரும் எங்கே என்று கேட்காமல் வண்டியை எடுத்தார். நாட்டார் பின்னாலேயே ஓடிவந்து வண்டியை நிறுத்தி, காலிக் கேன்களை எடுத்துவரச் சொல்லி, பலகைக்கு அடியில் அடுக்கிவிட்டு இறங்கினார்.

மாதா கோயில், ஐஸ் கம்பெனி, உப்பளம் எல்லாம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். சக்கரம் பாலத்தில் ஏறியது. அழுதோம். தையலு, தையலு என்று, அவளுக்காகவும், அவள் அழாமல் விட்டுப்போனதற்காகவும், பெற்ற வயிறு எரிய எரிய அழுதோம். போலீஸ்காரர் போனிலிருந்து தலையை எடுக்காமலேயே கம்பைத் தூக்கிவிட்டார்.